தாய் காட்டிய வழி: கூன்முதுகுத் திமிங்கிலங்கள் பழைய கரைக்குத் திரும்புவது எப்படி?

திருகோணமலைக் கடலுக்கு நீலத் திமிங்கிலம் வருவது முல்லைத்தீவு, கொக்கிளாய்ப் பக்கத்தில் தொழில் செய்கிறவர்களுக்குப் புதிதல்ல. கூன்முதுகுத் திமிங்கிலம்தான் இங்கே அரிது. தென்பாதிக் கடல்களில், முன்பு வேட்டையால் வெறிச்சோடிய கரைகளுக்கு அவை மறுபடி குட்டி போட வருகின்றன. எண்ணிக்கை கூடியது மட்டும் அதற்குக் காரணமல்ல.

இரை கிடைப்பது தென்துருவக் குளிர்கடலில். குட்டி போடுவதோ, சூடான, ஆழங்குறைந்த கரையோரத்தில். இரண்டுக்கும் இடையே பல்லாயிரம் கிலோமீற்றர். பிறக்கும்போதே குட்டி நாலு மீற்றர் நீளம், ஏறக்குறைய ஒரு தொன் எடை. கரையோரத்தில் தாய் பெரும்பாலும் பட்டினிதான். உடம்புக் கொழுப்பைக் கரைத்தே பால் கொடுக்கும். அப்புறம் குட்டியைக் கூட்டிக்கொண்டு குளிர்கடலுக்குப் போகும். சுமார் ஒரு வருடம் கூடவே திரிவதால் குட்டிக்கு வழி பழகிவிடுகிறது. முகாமில் பிறந்த பிள்ளை, ஒருநாளும் கண்டிராத தன் ஊரின் ஒழுங்கையைத் தாய் சொல்லித் தெரிந்துகொள்வதைப் போலத்தான் இதுவும். சொல்லித்தர ஆளில்லாவிட்டால் அந்தக் கரை கணக்கிலிருந்தே போய்விடும்.

அப்படித்தான் நடந்தது. அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு அருகில் இருந்த டங்கலூமா திமிங்கில வேட்டை நிலையம் 1952 முதல் 1962 வரை ஆறாயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கொன்றது. 1959க்கும் 1961க்கும் இடையில், இரண்டே பருவங்களில், சோவியத் கப்பல்கள் தென்கடலில் ஏறக்குறைய 25,000ஐ வேட்டையாடி, பொய்க்கணக்குக் காட்டின. கிழக்கு அவுஸ்திரேலியக் கரையோரம் போய்வந்த கூட்டத்தில் மிஞ்சியவை சில நூறுதான்.

ஆனால் மிஞ்சியவற்றுக்கு வழி தெரிந்திருந்தது. வேட்டை நின்றதும் அந்தக் கூட்டம் வருடத்துக்குப் பத்து வீதமளவில் பெருகியது. ஏழு வருடத்தில் இரட்டிப்பு. வெறும் பிறப்பால் இதைவிட வேகமாகப் பெருகுவது கடினம். சில கரைகளில் அந்த எல்லையையும் தாண்டிய வேகம் தெரிந்தபோதுதான், வெளியிலிருந்தும் திமிங்கிலங்கள் வந்து சேருகின்றன என்ற எண்ணம் வந்தது. அவற்றை இழுப்பது எது? ஆண்கள் பாடும் பாட்டாக இருக்கலாம் என்கிறார்கள் சிலர். அது பல கிலோமீற்றர் தூரம் கேட்கும். ஒரு கூட்டத்தின் ஆண்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடும். அது வருடாவருடம் மாறும். கிழக்கு அவுஸ்திரேலியாவில் பிறந்த பாட்டு, கூட்டம் கூட்டமாகத் தொற்றிப் பிரெஞ்சு பொலினீசியா வரை போயிருக்கிறது. ஆள் கூடிய இடத்தில்தானே சோடியும் கிடைக்கும்! எனக்கு இந்த விளக்கம் பொருத்தமாகத்தான் படுகிறது.

வழி தெரிந்தவை அற்றுப்போன இடங்களில் திரும்புதல் மிக மெதுவானது. நியூசிலாந்துப் பெருநிலக் கரையில் வேறொரு இனமான தென் ரைட் திமிங்கிலம் 1928 முதல் 1963 வரை ஒன்றுகூடக் காணப்படவில்லை. தெற்கே ஒக்லாண்ட் தீவுகளில் பிழைத்திருந்தவை பெருகிய பிறகே, ஒன்றிரண்டாகப் பெருநிலக் கரையில் தலைகாட்டத் தொடங்கின.

மன்னார்ப் பக்கத்துக்குக் கிட்டவாக இருப்பது அரபிக்கடல் கூட்டம். தென்மேற்குப் பருவக்காற்று ஓமான் கரையில் ஆழத்துச் சத்துநீரை மேலே கிளப்புவதால் இரை அங்கேயே கிடைக்கிறது. அவை துருவத்துக்குப் போவதில்லை. இப்போது நூறுக்கும் குறைவு. 1960களின் நடுப்பகுதியில் சோவியத் கப்பல்கள் இவற்றில் 242ஐக் கொன்றன. 2017இல் ஓமானில் இடங்காட்டும் கருவி பொருத்தப்பட்ட லூபான் என்ற பெண் திமிங்கிலம் கடலைக் கடந்து கோவாப் பக்கம் வந்து, இந்தியாவின் தென்முனை வரை இறங்கிவிட்டுத் திரும்பியது.

மன்னார்க் கடலில் யாராவது கண்டால், உடம்பில் மூன்றிலொரு பங்கு நீளமான பக்கத் துடுப்புகளை வைத்து இனம் காணலாம். மூழ்கும்போது தூக்கும் வாலின் அடிப்பக்கத்தைக் கைபேசியில் பிடித்தால் இன்னும் நல்லது: அங்குள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு. அதைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு, ஓமானில் ஏற்கெனவே கண்ட ஆளா என்று சொல்லிவிடலாம்.