சொல் விளக்கம்: பாப்பிலோமா

சின்ன வயதில் என் கட்டைவிரலில் ஒரு பாலுண்ணி இருந்தது. ஊட்டி ஏரிக்கரையில் சவாரிக் குதிரை வைத்திருந்தவரிடம் அத்தை ஒரு வால்முடியைக் கேட்டு வாங்கி, பாலுண்ணியின் அடியில் இறுக்கிக் கட்டிவிட்டார். பத்து நாளில் அது கருத்து உதிர்ந்தது. மூன்று மாதம் கழித்துப் பக்கத்திலேயே இரண்டு முளைத்தன. அதைப் பற்றி அத்தை பேசவேயில்லை.

குதிரைமுடி அறுத்தது வளர்ந்த சதையைத்தான். வளர்த்துவிட்ட கிருமி தோலிலேயே இருந்துவிட்டது. அந்தக் கிருமியின் குடும்பப் பெயர் பாப்பிலோமா வைரஸ்.

பாப்பில்லா என்றால் லத்தீனில் முலைக்காம்பு. 'ஓமா' என்பது கட்டியைக் குறிக்கும் கிரேக்க ஈறு. காம்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும் கட்டி பாப்பிலோமா. நாம் அதைப் பாலுண்ணி என்கிறோம். அவர்கள் காம்பைப் பார்க்க, நாம் பாலைப் பார்த்திருக்கிறோம். இன்னொரு பெயர் மரு. மருக்கொழுந்தில் வரும் மரு வேறு, அது வாசனை. 'மறு' என்று வல்லின றகரம் போட்டு எழுதுவோரும் உண்டு. மச்சத்துக்கும் களங்கத்துக்கும் மறு என்பதை விட்டுவிட்டு, இதற்கு மரு என்றே வைத்துக்கொள்வது குழப்பமில்லாமல் இருக்கும்.

வைரஸ் என்பதும் லத்தீன்தான், பொருள் நஞ்சு. வடமொழி 'விஷ'மும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. முதல் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ், வெறிநாய் கடித்த இடத்தில் குவளை வைத்து 'வைரஸை' உறிஞ்சி எடுக்கச் சொல்லியிருக்கிறார். 1907 முதல் குன்னூரில் பாஸ்டியர் நிறுவனம் இருப்பதால், நாய்க்கடி விஷம் என்றால் என்ன என்று மலைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நச்சுயிரி என்ற தமிழாக்கம் எனக்குப் பிடித்திருப்பதற்கும் அதுவே காரணம். தீநுண்மி என்றும் எழுதுகிறார்கள், தப்பில்லை. ஆனால் நச்சுயிரியில் மூலச்சொல்லின் நஞ்சு அப்படியே இருக்கிறது.

நடக்காத காரியத்தை முயற்கொம்பு என்போம். அமெரிக்காவில் கொம்பு முளைத்த முயல்கள் நிஜமாகவே இருந்தன. 1933இல் ரிச்சர்ட் ஷோப் என்ற ஆய்வாளர் அந்தக் 'கொம்பை' அரைத்து, மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்து, வடிந்த நீரை வேறு முயல்களின் தோலில் தேய்த்தார். அவற்றுக்கும் கொம்பு வந்தது. கொம்பென்று நினைத்தது பெரிய மரு, அதற்குக் காரணம் ஒரு நச்சுயிரி. சில முயல்களில் அந்த மரு புற்றாகவும் மாறியது.

மனிதரைப் பிடிக்கும் வகைகள் 200க்கு மேல். விரலில் வருவது ஒரு வகை. பிறப்புறுப்பிலும் மலவாயிலும் மரு உண்டாக்கும் 6, 11 என்று எண்ணிட்டவை வேறு வகை, அவற்றால் புற்று வருவது அபூர்வம். வில்லங்கம் பிடித்தவை 16ம் 18ம். இவை கண்ணுக்குத் தெரிகிற மருவையே உண்டாக்காமல் உள்ளே வேலை பார்க்கும். செல் கண்டபடி பெருகாமல் காவல் காக்கும் இரண்டு புரதங்களை இந்த நச்சுயிரியின் புரதங்கள் முடக்கிப் போடுகின்றன. கருப்பைவாய்ப் புற்றில் 16ஆம் வகை இருப்பதை 1983இல் காட்டிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த நச்சுயிரி என்றதும் கருப்பைவாய்தான் நினைவுக்கு வருகிறது. மலவாய்ப் புற்றிலும் பத்தில் ஒன்பது இதனால் வருவதே, பெரும்பாலும் அதே 16ஆம் வகை. இரண்டு இடத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. தோல் மாதிரி தட்டையான செல்லும் குடல் மாதிரி தூண் வடிவச் செல்லும் சந்திக்கும் எல்லைக்கோடு இரண்டிலும் இருக்கிறது. அந்த எல்லையில்தான் நச்சுயிரி சுலபமாகக் கால் ஊன்றும்.

இனி அந்த இரண்டாவது இடத்தின் பெயர். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மருத்துவ முகாமுக்கு இந்தப் புற்றைப் பற்றித் துண்டறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். 'ஆசனவாய்' என்று எழுதினேன், கண்ணியமான சொல் என்று. 'குதம்' வடமொழி, டாக்டர்களுக்குப் பழக்கம். பழந்தமிழில் 'எருவாய்' உண்டு, அழகான சொல், ஆனால் இன்று யாருக்கும் புரியாது. நான் எழுதியதை வாசித்ததும் கொழுந்து பறிக்கிற ஓர் அக்கா கேட்டார்: "ஆசனம்னா யோகாவா தம்பி? மலவாய்னு எழுதினா புரிஞ்சுட்டுப் போகுது."

அதே அக்கா கொஞ்ச நேரம் கழித்துத் தனியாக வந்தார். "எனக்கு மூலம். நாலு மாசமா ரத்தம் படுது. மாத்திரை வாங்கிச் சாப்புடுறேன்." யார் சொன்னது மூலமென்று? யாரும் சொல்லவில்லை, அவரே முடிவு செய்துகொண்டது. மூலம் என்றால் வேர், அடி. உடம்பின் அடியில் வருவதால் நோய்க்கும் அந்தப் பெயர். வலி, அரிப்பு, ரத்தம், தட்டுப்படும் கட்டி என எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறோம். மலவாய்ப் புற்றுக்கும் அறிகுறிகள் இவையே. அவரை டாக்டரம்மா விரல் விட்டுப் பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூலம்தான்.

"இந்தப் புற்று தப்பா நடந்துக்கிறவங்களுக்கு வர்றதாமே" என்று இன்னொருவர் கேட்டார். புற்று உண்டாக்கும் இந்த வகை நச்சுயிரி பாலுறவில் தோலோடு தோல் உரசுவதாலேயே பரவும். ஒரே ஒரு துணையோடு வாழ்ந்தவருக்கும் வரலாம், மலவாய்வழி உறவே இல்லாதவருக்கும் வரலாம். பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே விரட்டிவிடும். விரட்ட முடியாமல் பல வருடம் தங்கினால்தான் ஆபத்து. எச்.ஐ.வி. உள்ளவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள், கருப்பைவாய்ப் புற்று வந்த பெண்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல்.

புற்று என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். கட்டியைச் சுற்றிப் புடைத்த ரத்தக்குழாய்கள் கிரேக்கருக்கு நண்டின் கால்களாகத் தெரிந்தன. அதுவே லத்தீனில் கேன்சர், ராசியில் கடகம். நாம் நண்டைக் கடன் வாங்கவில்லை. உள்ளே அரித்துக்கொண்டு வெளியே மேடு கட்டுகிற கறையான் புற்றைப் பார்த்துப் பெயர் வைத்தோம். மலவாயில் புற்று வந்தால் முன்பு மலவாயையே வெட்டி எடுத்து, வயிற்றில் வழி வைத்து, ஆயுசுக்கும் பை மாட்டிவிடுவார்கள். 1974இல் நார்மன் நிக்ரோ என்ற அறுவை மருத்துவர் மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார், கட்டி கரைந்தது. இன்று பெரும்பாலோருக்கு அதுவே முதல் சிகிச்சை.

கடைசியில் துண்டறிக்கையில் ஏறிய சொற்கள்: 'மருநச்சுயிரி', 'மலவாய்ப் புற்றுநோய்'. அடைப்புக்குறிக்குள் மனிதப் பாப்பிலோமா வைரஸின் ஆங்கிலச் சுருக்கமான 'எச்.பி.வி.' என்றும் போட்டோம், மருந்துக்கடையில் அதைச் சொன்னால்தான் தடுப்பூசி கிடைக்கும். 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகையையும் தடுக்கிற செர்வாவேக் என்ற ஊசி இந்தியாவிலேயே தயாராகிறது. 'பெண் பிள்ளைகளுக்கான ஊசி' என்று அச்சாகியிருந்ததைப் பேனாவால் அடித்து, 'பிள்ளைகளுக்கான' என்று திருத்தினோம். மொத்தம் இருநூறு தாள். அந்த அக்காவும் உட்கார்ந்து பாதியை அடித்துக் கொடுத்தார்.