நாற்காலி இருக்கிறது, உட்கார விடுகிறார்களா?

"சாயங்காலம் ஆனா கால் கல்லாட்டம் கனக்குது டாக்டர். ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது."

துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கும் பெண்கள் என்னிடம் வந்தால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். கணுக்காலுக்கு மேலே உட்புறம் தோல் கறுத்து, சிலருக்குச் சொறிந்த தழும்பும் இருக்கும்.

நரம்புச் சுருட்டல் என்று சொல்கிறோம். உண்மையில் சுருண்டிருப்பது நரம்பு அல்ல, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரை. அந்த ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடந்தால்தான் அது இயங்கும். ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால் ரத்தம் தேங்கி, ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்க சிரைக்குள் இருக்கும் வால்வுகள் நாளடைவில் தளர்ந்துவிடும். கவனிக்காமல் விட்டால் ஆறாத புண்ணில் போய் நிற்கும்.

நிற்கும்போதே குதிகாலை அடிக்கடி உயர்த்தி இறக்குங்கள். வீட்டுக்குப் போனதும் காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சிரைக்குள் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம்.

"நடுநடுவே உட்காருங்க" என்றும் சொல்வேன். "சூப்பர்வைசர் திட்டுவார்" என்பார்கள்.

நின்று வேலை செய்பவருக்கு இருக்கை தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. கடை ஊழியருக்கு அது வரப் பல பத்தாண்டுகள் ஆயின. கோழிக்கோட்டில் தொழிற்சங்கத் தலைவி பி. விஜியும் கடைப் பெண்களும் இதற்காகப் போராடியபின் 2018இல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார முடிய வேண்டும் என்கிறது அது.

இருக்கை போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது ஆய்வு ஆகாது. கல்லாவுக்குப் பின்னால் அடுக்கிவைத்த ஸ்டூல் யார் காலையும் காப்பாற்றாது. தொழிலாளர் துறை அதிகாரி முதலாளி இல்லாத இடத்தில் அந்தப் பெண்களிடம் கேட்க வேண்டும்: "இன்னிக்கு எத்தனை தடவை உட்கார்ந்தீங்க?" பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் புகார் எழுத மாட்டார்கள். அதற்காகக் காத்திராமல் அரசே போக வேண்டும். காலை பதினோரு மணிக்கு அல்ல. தீபாவளிக்கு முந்தின வாரம், இரவு எட்டு மணிக்கு.