ஸ்ட்ரட் என்றால் உதைகால்

குலை தள்ளிய வாழைக்கு ஒரு சவுக்குக் கம்பைச் சாய்த்து முட்டுக்கொடுப்பார்கள். கம்பு சாய்ந்து நின்றபடியே பாரத்தைத் தரைக்கு இறக்கும். காரின் முன்சக்கரத்துக்கு மேலே லேசாகச் சாய்ந்து நிற்கும் ‘ஸ்ட்ரட்’டும் அதே வேலையைத்தான் செய்கிறது.

‘விறைப்பாக நிமிர்ந்து நிற்றல்’ என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லோடு உறவுடையது ஸ்ட்ரட். மயில் நெஞ்சு நிமிர்த்தி நடப்பதற்கும் அதே சொல்தான். தச்சர்கள் அதைக் கூரையைத் தாங்கும் சாய்கட்டைக்கு வைத்தார்கள். காருக்குள் அதை நிலைநிறுத்தியவர் அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபெர்சன். 1950இல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்கள் அவர் வடிவமைப்பைப் பரப்பின.

தமிழில் என்ன சொல்லலாம்? முட்டுக்கட்டை என்றால் தடை என்று பொருள் மாறிவிட்டது. முட்டுக்கால் என்றால் முழங்கால் நினைவுக்கு வரும். சாயும் சுவருக்குக் கொடுக்கும் ‘உதைகால்’தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஷாக் அப்சார்பர் வேறு. பலரும் அதை ‘அதிர்வுதாங்கி’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பள்ளத்தின் அடியை வாங்குவது ஸ்பிரிங். வில்வண்டி என்று பெயர் வைத்த காலத்திலிருந்தே நமக்கு அது வில். அடி வாங்கிய வில் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் எண்ணெயால் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. ஆகவே அது தணிப்பான். உதைகாலோ வண்டியின் எடையையும் தாங்கி, சக்கரத்துக்கு வழியும் காட்டுகிறது. தணிப்பான் அதற்குள் அடக்கம்.

பழைய டாட்சன் 240ஸீ போன்ற கார்களில் உதைகாலின் குழலைத் திறக்கலாம். உள்ளே தேய்ந்ததை எடுத்துவிட்டு, முழுசாக அடைத்து வரும் புதுத் தணிப்பானை இறக்குவார்கள். அதுதான் ‘இன்சர்ட்’, பட்டறையில் கார்ட்ரிட்ஜ் என்றும் சொல்வதுண்டு. தமிழில் உட்செருகி எனலாம். செருகும் முன் குழலுக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவது வழக்கம். உட்செருகியின் சூடு வெளிக்குழலுக்குக் கடந்து ஆறுவதற்காக அது.

வேறு காருக்கான உட்செருகி சில சமயம் நீளம் குறைவாக இருக்கும். அப்போது மேலே முடுக்கும் மூடி நட்டு, உட்செருகியை அழுத்துவதற்கு முன்பே குழலின் வாயில் போய் உட்கார்ந்துவிடும். வெளியே பார்த்தால் எல்லாம் இறுக்கமாகத்தான் தெரியும். உள்ளே உட்செருகி மேலும் கீழும் ஏறி இறங்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் ‘டொக்’ என்று கேட்கும். இதைத் தவிர்க்க அடியில் வைக்கும் எஃகுக் குழாய்த் துண்டுதான் ‘ஸ்பேசர்’. இடைவெளியை நிரப்பும் துண்டு என்பதால் இடைத்துண்டு போதும். அதன் இரு முனையும் மட்டமாக இருக்க வேண்டும். நட்டை முடுக்கி முடித்த பிறகும் குழல் வாய்க்கு மேல் மெல்லிய இடைவெளி தெரிந்தால், பிடி உட்செருகியின் மேல் விழுந்திருக்கிறது என்று பொருள்.

உதைகாலின் தலையில், உடற்சட்டத்துக்குக் கீழே வைத்து வண்டியை உயர்த்தும் துண்டையும் ஆங்கிலத்தில் ஸ்பேசர் என்றே சொல்கிறார்கள். குழலுக்குள் இருப்பது உயரத்தைத் துளியும் மாற்றாது. வேலை வேறு என்பதால் பெயரும் வேறாக இருக்கட்டும்: உள்ளே இடைத்துண்டு, மேலே உயர்த்துகட்டை.