அங்கோர் என்றால் நகர்

கம்போடியாவின் பழைய தலைநகரை ‘அங்கோர் நகரம்’ என்று எழுதுவது ‘நடுசென்டர்’ என்று சொல்வது மாதிரிதான். கம்போடிய மொழியான கெமரில் அங்கோர் என்ற சொல்லுக்கே நகரம் என்றுதான் பொருள். வடமொழி ‘நகர’, கெமர் மக்கள் வாயில் ‘நொக்கோர்’ ஆனது. முதல் உயிர் தேய்ந்து அதுவே ‘அங்கோர்’ என்றும் ஆனது. தாய்லாந்தில் அது ‘நக்கோன்’. மலாயில் ‘நெகாரா’, அங்கே பொருள் விரிந்து நாட்டையே குறிக்கிறது. ‘தோம்’ என்றால் பெரிய. ஆகவே அங்கோர் தோம், பெருநகர்.

அங்கோர் வாட் கோயிலின் பெயரில் வரும் ‘வாட்’ என்பது பௌத்த விகாரை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் எடுப்பித்ததோ திருமால் கோயில். அது பின்னாளில் பௌத்தர்களின் இடமானதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

கெமர் அரசர்கள் தங்கள் நாட்டைக் கம்புஜதேசம் என்றார்கள். 802இல் இரண்டாம் ஜெயவர்மன் மகேந்திர பர்வதம் என்னும் மலையில் சக்கரவர்த்தியாக முடிசூடினான் என்பதை நமக்குச் சொல்வது சுமார் 250 ஆண்டு கழித்து வெட்டப்பட்ட ஸ்டோக் காக் தோம் கல்வெட்டு. வெட்டுவித்தது அரச குருக்களின் குடும்பம். குடிப்பெருமையும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் யசோவர்மன் அமைத்த யசோதரபுரம்தான் இன்று நாம் அங்கோர் என்று சொல்லும் இடம். நடுவில் 928 முதல் 944 வரை தலைநகர் கோ கேர் என்னும் ஊருக்குப் போய்த் திரும்பியது.

11ஆம் நூற்றாண்டில் முதலாம் சூரியவர்மன் ஆட்சி மேற்கே இன்றைய தாய்லாந்தின் லோப்புரி வரை எட்டியது. 1177இல், கிழக்கே இன்றைய வியட்நாமில் இருந்த சாம்பா நாட்டார் தலைநகரைச் சூறையாடினார்கள். 1181இல் முடிசூடிய ஏழாம் ஜெயவர்மன் அங்கோர் தோமைக் கட்டியதோடு, 1203இல் சாம்பாவையே பிடித்தான். 1220 வாக்கில் அது கைநழுவியது. அதே நூற்றாண்டில் மேற்கே தாய் மக்களின் சுகோதாயும் தனி அரசாகப் பிரிந்தது. 1431இல் இன்னொரு தாய் அரசான அயுத்தயாவின் படையிடம் தலைநகர் வீழ்ந்தபின் அரசு தெற்கே, புனோம் பென் பக்கம் நகர்ந்தது.

இந்தப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதலாம்? ‘நகர்’ நமக்கு ஊர் மட்டுமல்ல, கோயிலும்தான். ‘முக்கட் செல்வர் நகர்வலஞ் செயற்கே’ என்னும் புறநானூற்று 6ஆம் பாட்டில் நகர் என்பது சிவன் கோயில். அங்கோர் வாட்டைப் பெயராக அப்படியே விட்டுவிடலாம். பொருள் சொல்லவேண்டிய இடத்தில் ‘நகர்க்கோயில்’ போதும்.

கெமர் பேரரசுக்குக் ‘கம்புஜப் பேரரசு’ என்பதே என் தேர்வு. இராசேந்திர சோழனின் கரந்தைச் செப்பேடு, காம்போஜ மன்னன் நட்பு வேண்டித் தேர் ஒன்று அனுப்பியதாகக் கூறுகிறது; அவன் முதலாம் சூரியவர்மன் என்பது ஆய்வாளர் கருத்து. ஆனால் மகாபாரதத்துக் காம்போஜம் வடமேற்கே, குதிரைக்குப் பேர்போன வேறு நாடு. ‘காம்போஜம்’ என்று நெடில் போட்டு எழுதினால் அந்தக் குழப்பமும் கூடவே வரும்.