கழுத்து வலித்தால் தலைவலிக்குக் கழுத்துதான் காரணமா?

பிடரியில் தொடங்கும் வலி மெல்ல ஏறி, கடைசியில் கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணில் ஒரு கோளாறும் இருக்காது. அப்புறம் ஏன் அங்கே வலிக்கிறது?

விடை தண்டுவடத்தின் மேல்முனையில் இருக்கிறது. கழுத்தின் முதல் மூன்று நரம்புகள் மேல்கழுத்து மூட்டுகள், தசைகளின் வலியை அங்கே கொண்டு சேர்க்கின்றன. நெற்றி, கண், மூளையுறை ஆகியவற்றின் வலியைச் சுமக்கும் முக்கிளை நரம்பின் இழைகளும் அதே இடத்துக்கு இறங்கி வந்து, பல சமயம் அதே நரம்பணுக்களில் முடிகின்றன. செய்தி எந்த வழியாக வந்தது என்று மூளைக்குச் சரியாகப் பிரித்தறியத் தெரிவதில்லை. கழுத்து மூட்டில் எழும் வலியை நெற்றி வலியாக உணர்கிறோம்.

இந்தப் பாதை இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மைக்ரேன் கிளம்பும்போது அந்த நரம்பணுக்கள் தூண்டப்படுவதால் கழுத்தும் இறுகி வலிக்கும். சிலருக்குத் தலைவலிக்குப் பல மணி நேரம் முன்பே கழுத்து பிடித்துக்கொள்ளும். உடனே தலையணையைக் குறை சொல்வோம். மைக்ரேனுக்கான மருந்து கிடைக்காமலே வருடக்கணக்கில் கழுத்துக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் உண்டு. தவிர்த்திருக்கக்கூடிய வேதனை அது.

கழுத்திலிருந்தே கிளம்பும் தலைவலிக்குத் தனி அடையாளங்கள் உண்டு. நார்வே நரம்பியலாளர் ஒட்டார் ஷாஸ்டாட் 1983-ல் இதைத் தனி வகையாக விவரித்தார். வலி பெரும்பாலும் ஒரே பக்கத்தில் வரும், பக்கம் மாறாது. கழுத்தைத் திருப்பினால் அல்லது ஒரே நிலையில் நெடுநேரம் வைத்திருந்தால் கூடும். கழுத்து முழுதாகத் திரும்பாது. இரண்டாவது, மூன்றாவது கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள மூட்டுதான் அடிக்கடி மாட்டும் இடம். அதன் நரம்பை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்ததும் தலைவலி அடங்கினால், சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிடும்.

மைக்ரேனில் குமட்டலும் வெளிச்சம் பொறுக்காத நிலையும் சேர்ந்து வரும், பக்கமும் மாறலாம். இறுக்கத் தலைவலி இரண்டு பக்கமும் அழுத்தும். பிடரி நரம்பு வலியோ மின்சாரம் பாய்ந்ததுபோல நொடிகளில் சுரீரென்று வந்து போகும். ஒருவருக்கே இரண்டு வகை சேர்ந்தும் வரலாம் என்பதால் வெறும் கழுத்து வலியை வைத்து முடிவுகட்டக் கூடாது.

எக்ஸ்ரேயில் "தேய்மானம்" என்று எழுதியிருந்தால் அதுவே காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். வலியே இல்லாதவர்களின் கழுத்திலும், வயது ஏற ஏற, அது சாதாரணமாகத் தெரியும். கழுத்தால் வரும் தலைவலி உறுதியானால், கழுத்தின் உட்தசைகளுக்கும் தோள்பட்டைக்குமான பயிற்சிகள் நன்றாகவே உதவுகின்றன. சாதாரண வலிமாத்திரையைக்கூட மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதங்களைத் தாண்டிப் போட்டுக்கொண்டிருந்தால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கக்கூடும்.

சரி, எப்போது காத்திருக்கக் கூடாது? இதுவரை இல்லாத கடும் வலி திடீரென்று வந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், புதிதாகக் கழுத்து வலியும் தலைவலியும் சேர்ந்து வந்து பேச்சு குழறினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால் அல்லது நடை தள்ளாடினால், கழுத்தைப் பிடித்துவிடச் சொல்லாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தாலும் முதலில் இப்படித்தான் தெரியும்.