அப்ளிகேஷன் சர்வரைக் கழற்றுவதற்கு முன்

பெங்களூரு மாரத்தஹள்ளியில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு டீக்கடை இருக்கிறது. டீமில் புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலித் தம்பி போன வாரம் அங்கே கேட்டான்: "அண்ணா, இன்னும் எதுக்கு இந்த அப்ளிகேஷன் சர்வர்? ஸ்பிரிங் பூட்ல ஒரே ஜார். வேணுங்கிற லைப்ரரிய மட்டும் சேர்த்துக்கலாமே?"

நியாயமான கேள்வி. அப்ளிகேஷன் சர்வர் என்பது பல ஜாவா அப்ளிகேஷன்களைத் தன்னுள் ஏற்றி, அவற்றுக்குப் பொதுவான வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள். ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கிலோ, அப்ளிகேஷனும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளும் ஜார் என்ற ஒரே ஃபைலுக்குள் வந்துவிடும், அது தனியாகவே ஓடும். பெரும்பாலான வேலைகளுக்கு அந்த ஜார் போதும். ஆனால் சர்வர் சத்தமில்லாமல் என்னென்ன பார்த்துக்கொண்டிருந்தது என்று எழுதி வைக்காமல் அதைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பில்லிங் அப்ளிகேஷன். டேட்டாபேஸில் பதிவதும் மெசேஜ் க்யூவில் (மற்ற சர்வீஸ்கள் எடுத்துக்கொள்ளச் செய்திகள் காத்திருக்கும் இடம்) போடுவதும் இரண்டும் நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது. அதற்கு எக்ஸ்ஏ டிரான்சாக்ஷன், அதாவது இரண்டு அமைப்புகளின் மாற்றங்களையும் ஒரே வேலையாகக் கட்டும் முறை. சர்வருக்குள் இருக்கும் டிரான்சாக்ஷன் மேனேஜர் முதலில் இரு தரப்பையும் "தயாரா?" என்று கேட்கும். இருவரும் தயார் என்றதும் முடிவைத் தன் லாக்கில் (பதிவேட்டில்) எழுதிவிட்டு, "சரி, கமிட் செய்", அதாவது மாற்றத்தை உறுதியாக்கு என்று சொல்லும். தயார் என்று சொல்லிவிட்ட டேட்டாபேஸ் அதன்பின் தானாக முடிவெடுக்காது. பதில் வரும்வரை அந்தப் பதிவுகளை வேறு யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

சர்வரை எடுத்துவிட்டு, டிரான்சாக்ஷன் மேனேஜரை லைப்ரரியாக ஜாருக்குள் வைத்தோம். வைல்ட்ஃபிளை என்ற அப்ளிகேஷன் சர்வருக்குள் இருக்கும் நாராயணா என்ற டிரான்சாக்ஷன் மேனேஜர் தனி லைப்ரரியாகவும் கிடைக்கிறது, ஆகவே இதில் தவறில்லை. டெஸ்ட் எல்லாம் பாஸ். அப்புறம் அதைக் குபர்நெட்டிஸில் ஏற்றினோம். அது அப்ளிகேஷன்களைப் பாட் என்ற தற்காலிகப் பெட்டிகளுக்குள் ஓட்டும் அமைப்பு. ஒரு நாள் பாட் நடுவில் ரீஸ்டார்ட் ஆனது. பழைய சர்வர் தன் டிரான்சாக்ஷன் லாக்கை நிலையான டிஸ்கில் வைத்திருந்தது. எங்கள் லாக் பாடின் தற்காலிக டிஸ்கில் இருந்ததால் பாடோடு சேர்ந்து போய்விட்டது. டேட்டாபேஸில் "தயார்" என்று நின்றவற்றுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. வாடிக்கையாளர் பில்கள் நகரவில்லை. எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில், இப்படிக் காத்திருப்பவற்றைப் பட்டியலிடும் பிஜி_பிரிபேர்ட்_எக்ஸாக்ட்ஸ் வியூவைத் திறந்து, க்யூவோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றையும் கையால் கமிட் அல்லது ரோல்பேக் (ரத்து) செய்தோம். அந்த லைப்ரரியில் பிழை எதுவும் இல்லை. லாக் எங்கே இருக்கிறது என்று நாங்கள் யாருமே கேட்டுக்கொள்ளவில்லை.

கனெக்ஷன் கணக்கும் இப்படித்தான். டேட்டாபேஸ் கனெக்ஷன்களைத் திறந்து தயாராக வைத்திருக்கும் தொகுப்புக்குப் பூல் என்று பெயர். சர்வரில் எல்லா அப்ளிகேஷனும் ஒரே பூலைப் பகிர்ந்துகொள்ளலாம். தனித்தனி ஜார் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூல். ஹிகாரிசிபி என்ற பூல் லைப்ரரி ஒரு பூலுக்கு இயல்பாக 10 கனெக்ஷன் வரை எடுக்கும், போஸ்ட்கிரெஸ் மொத்தமாக இயல்பில் 100தான் தரும். நான்கு சர்வீஸ், ஒவ்வொன்றுக்கும் மூன்று பாட் என்றாலே 120 ஆகிவிடுகிறது.

பாதுகாப்பு விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் உண்டு. 2021 டிசம்பரில், லாக் எழுத உதவும் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது, தனி ஜார்கள் வைத்திருந்தவர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து லாக்4ஜே பதிப்பைத் தேட வேண்டியிருந்தது. சர்வர் வைத்திருந்தவர்கள் அதன் பேட்சுக்குக் காத்திருந்ததோடு, உள்ளே ஏற்றிய அப்ளிகேஷன்களையும் பார்க்க வேண்டியிருந்தது. எது எளிது என்பது உங்கள் டீமில் அந்தப் பட்டியலை யார் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

ஒரே டேட்டாபேஸ் என்றால் லைப்ரரி வழி என்று தயங்காமல் சொல்வேன். பல அப்ளிகேஷன்கள், எக்ஸ்ஏ கட்டாயம், சர்வரைப் பராமரிக்கத் தெரிந்த குழு ஏற்கெனவே உண்டு என்றால் அவசரப்பட்டுக் கழற்ற மாட்டேன்.

தம்பியின் சர்வீஸில் ஒரே ஒரு போஸ்ட்கிரெஸ். "க்யூ வருதா?" என்றேன். அடுத்த மாதம் வருகிறதாம். எக்ஸ்ஏ வேண்டாம், அவுட்பாக்ஸ் டேபிள் போடு என்றேன். ஆர்டரையும் அனுப்ப வேண்டிய மெசேஜையும் ஒரே லோக்கல் டிரான்சாக்ஷனில் எழுதிவிட்டால், வேறொரு வேலை அதைப் படித்துக் க்யூவுக்கு அனுப்பிக்கொள்ளும். ஒரே மெசேஜ் இருமுறை போகலாம், அதனால் பெறும் பக்கம் ஐடியைப் பார்த்து இரண்டாவதை விட்டுவிட வேண்டும். இன்று காலை அந்த டேபிளை ரிவ்யூவுக்கு அனுப்பியிருக்கிறான், ஒரே ஐடி இருமுறை பதியாதபடி யூனிக் இன்டெக்ஸோடு.