பதிவேடு வேறு, வயல் வேறு

மன்னார்குடியில் என் சித்தப்பா ஒரு டைப்பிங் கடை வைத்திருக்கிறார். கிரயம், பாகப்பிரிவினை, குத்தகைச் சீட்டு, கடன் மனு என்று எதைக் கொண்டுபோனாலும் அடித்துக் கொடுப்பார். ஆடிக் கடைசியில் ஒரு நாள் காலையில் போன் செய்தார்.

"தம்பி, சிஸ்டம் போயிட்டுடா. ஆன் பண்ணினா நீலமா ஒரு திரை வருது. அப்புறம் அதுவே அணைஞ்சு திரும்ப ஆரம்பிக்குது. அஞ்சாறு தடவை பார்த்துட்டேன்."

"உள்ள என்ன இருக்கு சித்தப்பா?"

"எட்டு வருஷப் பத்திரம் இருக்கு."

எட்டு வருடம் என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்பு இருந்த கம்ப்யூட்டர் இதேபோல் மக்கர் செய்தபோது ஒரு கடையில் கொடுத்தார். மறுநாள் புதுசு மாதிரி ஓடிக்கொண்டு, உள்ளே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது. "ஃபார்மட் போட்டாச்சு சார்" என்றார்களாம். அன்றிலிருந்து அவரைப் பொறுத்தவரை கம்ப்யூட்டர் கெட்டுப்போவதும் கோப்புகள் அழிவதும் ஒன்றுதான். ஆனால் இரண்டுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. பழுது கோப்பைத் தின்பது அபூர்வம். பழுது பார்க்கிற கைதான் பெரும்பாலும் தின்கிறது.

முதலில் அந்த நீலத்திரை. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். பிரின்டர், கிராஃபிக்ஸ், வைஃபை என ஒவ்வொரு கருவியோடும் பேச டிரைவர் என்ற சிறு நிரல்கள் இருக்கின்றன. அவற்றில் பல, கெர்னலோடு ஒரே அறையில் ஓடுபவை. உங்கள் எக்செல் தவறு செய்தால் எக்செல் மட்டும் மூடிக்கொள்ளும். அந்த அறைக்குள் இருக்கும் டிரைவர் நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தில் கைவைத்தால், எது சரி எது கெட்டது என்று கெர்னலுக்கே தெரியாமல் போகும். அந்தக் குழப்பத்தோடு டிஸ்க்கில் எதையாவது எழுதிவைத்தால் ஆபத்து என்பதால், வேண்டுமென்றே எல்லாவற்றையும் நிறுத்துகிறது. விண்டோஸ் 11-ன் புதிய பதிப்புகளில் அந்தத் திரை கறுப்பாகிவிட்டது, வேலை அதேதான்.

2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த தவறான அப்டேட், உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைக் கவிழ்த்தது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. அதைச் சரிசெய்ய, அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் எழும்பும் சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை நீக்கினால் போதும் என்று இருந்தது. அந்தக் கணினிகளில் இருந்த கணக்கு வழக்கெல்லாம் டிஸ்க்கில் அப்படியேதான் இருந்தன.

சரி, டிஸ்க்கில் அப்படியே இருப்பது என்றால் என்ன? சித்தப்பாவுக்கு நான் இதை அவர் பாஷையிலேயே சொன்னேன். ஊர் நிலத்தைக் குழியாகவும் மாவாகவும் அளப்பது போல (100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி), டிஸ்க்கும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸில் ஒரு துண்டு வழக்கமாக 4 கிலோபைட். 256 ஜிபி டிஸ்க் என்றால் சுமார் 6 கோடி துண்டுகள். 4 எம்பி புகைப்படம் ஒன்று இதில் ஆயிரம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். அவை பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவருடைய நிலம் மேலக்கரையில் கொஞ்சம், கீழக்கரையில் கொஞ்சம் என்று கிடக்கிறதில்லையா, அப்படி.

எந்தத் துண்டு யாருடையது என்று சொல்ல ஒரு பதிவேடு வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் 'அ' பதிவேட்டில் சர்வே எண்ணும் பரப்பும் உரிமையாளர் பெயரும் இருப்பதுபோல, விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் ஒரு தலைமை அட்டவணை இருக்கிறது. 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த ஏற்பாடு அது. கோப்பு ஒவ்வொன்றுக்கும் வழக்கமாக 1 கிலோபைட் அளவில் ஒரு பதிவு: பெயர், தேதி, அளவு, எந்தெந்தத் துண்டுகளில் கிடக்கிறது என்ற விவரம். இன்னொரு வரைபடம், எந்தத் துண்டு காலி, எது சாகுபடியில் இருக்கிறது என்பதை ஒன்று அல்லது பூஜ்யமாகக் குறித்துவைக்கும்.

இப்போது ஒரு கோப்பை அழித்தால் என்ன நடக்கிறது? பதிவேட்டில் அந்தப் பதிவு 'காலி' என்று குறிக்கப்படுகிறது. வரைபடத்தில் அந்தத் துண்டுகள் புறம்போக்கு ஆகின்றன. அவ்வளவுதான். வயலில் பயிர் நின்றுகொண்டிருக்கிறது. வேறொருவர் வந்து உழும்வரை நிற்கும். வேகமான ஃபார்மட் என்பதும் இதேதான்: பழைய பதிவேட்டுக்குப் பதில் வெற்றுப் பதிவேடு ஒன்று வைக்கப்படுகிறது. முழு ஃபார்மட் வேறு ரகம். விண்டோஸ் விஸ்டா முதல் அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யங்களை எழுதிவிடும். நடவு முடிந்த வயலில் டிராக்டர் விட்ட மாதிரி.

பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில், தெரியாமல் ஃபார்மட் போட்டதும் கையை எடுத்துவிட்டால் மீட்பு மென்பொருள் கொண்டு நிறைய கோப்புகளைத் தேடி எடுக்கலாம். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் இன்றைய எஸ்எஸ்டி-யில் இந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். அதில் ஏற்கெனவே எழுதிய இடத்தின்மேல் நேராக எழுத முடியாது. முதலில் துடைக்க வேண்டும். துடைப்பதற்கு நேரமாகும் என்பதால், "இந்தத் துண்டுகள் இனி வேண்டாம்" என்று இயங்குதளம் டிஸ்க்குக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். டிரிம் என்ற இந்தக் கட்டளை விண்டோஸ் 7 காலத்திலிருந்து தானாகவே நடக்கிறது. பதிவேட்டில் பெயரை அடித்த கையோடு வயலையும் உழுதுவிடுகிற ஏற்பாடு. 'அப்புறம் ரெக்கவரி பண்ணிக்கலாம்' என்று யாராவது சொன்னால், எஸ்எஸ்டி-யா ஹார்டு டிஸ்க்கா என்று திருப்பிக் கேளுங்கள்.

சித்தப்பா கடையில் இருந்தது எஸ்எஸ்டி.

மதியம் போய் முதலில் செய்தது, மென்பொருளைத் தொடாமல் இருந்ததுதான். அடிக்கடி கவிழும் கம்ப்யூட்டரில் பாதிக்குப் பாதி குற்றவாளி வேறு எங்காவது இருப்பான் என்பது என் அனுபவம். மூடியைத் திறந்தால் விசிறியில் பஞ்சு மாதிரித் தூசி. ரேம் பட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டினேன். பென் டிரைவிலிருந்து மெமரி சோதனை ஒன்றை ஓடவிட்டுச் சாப்பிடப் போனோம். பிழை ஒன்றும் வரவில்லை. டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையும் சுத்தமாக இருந்தது. அதில் மட்டும் மோசமான செய்தி இருந்திருந்தால், அந்த டிஸ்க்கில் விண்டோஸை மறுநிறுவல் செய்யவே கூடாது. சாகக் கிடக்கிற டிஸ்க்கில் பல ஜிபி எழுதுவது அதன் கதையை முடித்துவிடும். டிக் டிக் என்று சத்தம் போடும் ஹார்டு டிஸ்க்கை ஆன் செய்வதைக்கூட நிறுத்திவிட வேண்டும்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. முந்தின நாள் சாயங்காலம் விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. யுபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதமாம். பாதியில் தண்ணீர் நின்ற வாய்க்கால்.

அடுத்து, கோப்புகளை வெளியே எடுப்பது. விண்டோஸ் எழும்பாத கம்ப்யூட்டரிலிருந்து எப்படி எடுப்பது என்று கேட்கலாம். கோப்பைப் படிக்க விண்டோஸ்தான் வேண்டும் என்பதில்லை. அந்தப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த எதுவும் போதும். லினக்ஸுக்குத் தெரியும். வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை ஒரு 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். ஆன் செய்ததும், எதிலிருந்து எழும்புவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டினால் (பல கணினிகளில் எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப்) பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் எழும்பும். பென் டிரைவையும் ரேமையும் வைத்தே ஓடும், டிஸ்க்கைத் தொடாது. முகப்பில் 'நிறுவு' என்று ஒரு படம் இருக்கும், அதை மட்டும் அழுத்தாதீர்கள்.

விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்காமலே சித்தப்பாவின் கோப்புகள் எல்லாம் திறந்தன. அவருக்கு அது சந்தோஷம். எனக்குக் கொஞ்சம் திக்கென்றது: பூட்டாத டிஸ்க்குக்கு விண்டோஸ் பாஸ்வேர்டு வெறும் திரைச்சீலை.

பூட்டிய டிஸ்க் என்றால் கதை தலைகீழ். புது லேப்டாப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்துகிறவர்களுக்கு, டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்யப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதை வெளியிலிருந்து திறக்க 48 இலக்கச் சாவி வேண்டும். பெரும்பாலும் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். சாவி இல்லை என்றால் எந்தக் கடைக்காரராலும் எடுக்க முடியாது. லேப்டாப் நன்றாக இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதிவைப்பது உத்தமம். அந்த லேப்டாப்பிலேயே சேமித்துவைப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவது.

சித்தப்பாவின் டி டிரைவ் ஏறக்குறையக் காலி. எல்லாம் டெஸ்க்டாப்பில். டெஸ்க்டாப் என்பது ஏதோ திரையில் மிதக்கிற இடம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சி டிரைவில், யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள், அவரவர் பெயரில் இருக்கும் சாதாரண ஃபோல்டர். சி-யை ஃபார்மட் செய்தால் முதலில் போவது அதுதான். அந்தப் பெயர் ஃபோல்டரை முழுசாக வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே தெரிகிற சில கோப்புகள் பெயர்ப்பலகை மட்டும்தான், சரக்கு இணையத்தில் இருக்கும். டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் தரவு எந்தப் பாதையில் இருக்கிறது என்று முன்பே டேலிக்குள் பார்த்துக்கொள்வது நல்லது. அது உங்கள் பெயர் ஃபோல்டருக்குள் இருக்காமல் போகலாம்.

அப்புறம் மறந்தே போகிற ஒன்று: எழுத்துரு. சித்தப்பாவின் பழைய பத்திரங்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்தக் கோப்புக்குள் தமிழே கிடையாது. 'தமிழ்' என்ற சொல், டிஸ்க்கில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து குறிகளாக இருக்கிறது. ஜே-யின் இடத்தில் 'த' என்று படம் வரைவது பாமினி. ஓ-வுக்கு 'ழ', அரைப்புள்ளிக்கு மேலே வைக்கும் புள்ளி. எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கின்றன. மறுநிறுவலில் அவை போய்விடும். கோப்பு பத்திரமாக இருக்கும், ஆனால் படிக்க முடியாது. யூனிகோடில் இந்தத் தொல்லை இல்லை. 'த' என்பதற்கு உலகம் முழுக்க ஒரே எண். 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்றுக்கொண்டது. பத்திரக் கடைகளின் பழைய கோப்புகளுக்கு அந்த ஆணை போய்ச் சேரவில்லை. ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் நகலெடுத்துக்கொண்டேன்.

மறுநிறுவல் செய்வது இதற்குப் பின் சாதாரண வேலை. விண்டோஸ் எப்படியாவது எழும்புகிறது என்றால், அதற்குள்ளிருந்தே நிறுவு நிரலை ஓட்டி, கோப்பு, மென்பொருள் இரண்டையும் வைத்துக்கொள் என்று சொல்லலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். எழும்பவில்லை என்றால், மீட்புத் திரையில் ரீசெட் இருக்கிறது. 'என் கோப்புகளை வைத்துக்கொள்', 'எல்லாவற்றையும் நீக்கு' என்று இரண்டு வாசகங்கள் வரும். இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில் இருக்கும். படித்துவிட்டு அழுத்துங்கள். முதலாவதில் கோப்புகள் இருக்கும், தனியாக நிறுவிய மென்பொருள்கள் போகும்.

எங்களுக்கு ரீசெட் பாதியில் தோற்றது. கடைசி வழி, பென் டிரைவிலிருந்து நிறுவுவது. அதில் டிஸ்க்கின் பகுதிகள் பட்டியலாக வரும்: 100 எம்பி அளவில் ஒன்று, 16 எம்பியில் ஒன்று, பெரிதாக ஒன்று என்று. பெரிதைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மட்டையும் டெலிட்டையும் தொடாமல் அடுத்து என்று போனால், பழைய விண்டோஸ், மென்பொருள், யூசர்ஸ் எல்லாவற்றையும் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டருக்குள் ஒதுக்கிவிட்டுப் புதியது பக்கத்தில் குடியேறும். 80 ஜிபி தரவு அந்த ஃபோல்டருக்கு நகர ஒரு நொடிகூட ஆகாது. பயிரை யாரும் பிடுங்கி நடுவதில்லை. பதிவேட்டில் முகவரி மட்டும் மாறுகிறது. அந்த ஃபோல்டரைச் சில நாள் கழித்து, பெரும்பாலும் 10 நாளில், விண்டோஸே துடைத்துவிடும். அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

முக்கால் மணி நேரத்தில் வெற்றுத் திரை வந்தது. கோப்புகளை அதன் இடத்தில் வைத்ததும், சித்தப்பா 2019-இல் அடித்த ஒரு கிரயத்தைத் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அவர் முகம் மாறியது. பாமினியை இரண்டு முறை தட்டி நிறுவி, மூடித் திறந்தோம். "மன்னார்குடி வட்டம்" என்று முதல் வரி வந்தது. கீழே நன்செய், சர்வே எண், நான்கெல்லை, எல்லாம். வடக்கெல்லையில் இருந்த வாய்க்காலைக்கூட ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்.

பிரின்டர் மட்டும் அன்றைக்கு அசையவில்லை. அதன் டிரைவரைத் தேடி நிறுவ மறுநாள் காலை ஆகிவிட்டது.